விடுதியும் கொப்பரையும்: இயக்கியவர் பெயர் உறுதியாகாத ஒரு பேய்ப்படச் சுருள் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேற்கு ஐரோப்பாவில் நான்கே ஊழியர்கள் உள்ள ஒரு சிறிய திரைப்படக் காப்பகத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. கொடுத்தவர், ஊர்த் திருவிழாக்களில் கூடாரம் அடித்துப் படம் காட்டிவந்த ஒருவரின் கொள்ளுப்பேத்தி. பெட்டியில் ஒன்பது டப்பாக்கள் இருந்தன. மூன்றில் இருந்த படம் பழுப்புப் பொடியாகிவிட்டிருந்தது. ஐந்தில் 1920களின் செய்திப்படத் துண்டுகள். ஒன்பதாவதன் மூடியில் ஒட்டியிருந்த சீட்டில் ‘மெலியஸ் – பேய் விடுதி’ என்று எழுதியிருந்தது. (ஜார்ஜ் மெலியஸ், கண்கட்டு வித்தை காட்டும் தந்திரப் படங்களுக்குப் பேர்போன பிரெஞ்சுக்காரர்.) இந்த ஆய்வு அந்த ஒன்பதாவது டப்பாவைப் பற்றியது.

திரைப்படத்தின் தொடக்க காலத்து வழக்கம் தெரிந்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும். 1907 வரை ஐரோப்பாவில் படம் மீட்டர் கணக்கில் விலைக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் அதை வெட்டலாம், ஒட்டலாம், தலைப்பை மாற்றலாம், கேட்பாரில்லை. (1905இல் திருச்சியில் சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம்காட்டும் கருவியையும் சுருள்களையும் விலைகொடுத்து வாங்கி ஊர் ஊராகக் காட்டியதும் இதே ஏற்பாட்டில்தான்.) 1907இல் பாத்தே என்ற பிரெஞ்சுப் பட நிறுவனம் விற்பனையை விட்டு வாடகை முறைக்கு மாறத் தொடங்கியது. அதன்பிறகுதான் சுருளின் மேல் காட்டுபவருக்கு இருந்த உரிமை மெல்ல மெல்லப் போனது.

படத்தில் இயக்கியவர் பெயர் போடும் பழக்கமும் அன்று இல்லை. பாத்தேயின் விற்பனைப் பட்டியல்களில் எண் இருக்கும், வகை இருக்கும், நீளம் இருக்கும். எடுத்தவர் பெயர் இருக்காது. செகுந்தோ தெ சோமோன், கஸ்தோன் வெல், பெர்டினான் ஸெக்கா போன்றவர்களின் கணக்கில் இன்று எழுதப்படும் தந்திரப் படங்களில் பல, பின்னாளில் ஆய்வாளர்கள் ஊகித்துச் சேர்த்தவை. மெலியஸ் மட்டும் விதிவிலக்கு. அவரே முதலாளி, அவரே நடிகர், நட்சத்திர முத்திரையும் அவருடையது. ஏறத்தாழ 520 படங்கள் எடுத்தவர், 1923இல் பாரிஸை அடுத்த மோந்த்ரேயில் தன் நெகட்டிவ்களைத் தானே எரித்தார். அழிந்தவை அதிகம் என்பதாலேயே, பிசாசும் புகையும் உள்ள எந்தப் பழைய சுருள் கிடைத்தாலும் அவர் பெயரை ஒட்டும் ஆசை சேகரிப்பாளர்களுக்கு வந்துவிடுகிறது.

பேய்விடுதி என்ற கருப்பொருளிலோ ஏற்கெனவே கூட்டம் அதிகம். மெலியஸ் 1897இல் ஒரு சிறுபடம் எடுத்தார். அமெரிக்காவில் வைட்டாகிராஃப் நிறுவனத்துக்காக ஜே. ஸ்டூவர்ட் பிளாக்டன் 1907இல் ஒன்று எடுத்தார். அதில் கத்தி தானாக ரொட்டியை அறுக்கும். பாரிஸ் அதை உடனே பார்த்துக் கற்றுக்கொண்டது. சோமோனுடையது என்று சொல்லப்படும் பாத்தே படம் ஒன்றிலும் உணவு மேசை தானாக இயங்குகிறது. அதன் ஆண்டை ஒருவர் 1906 என்பார், இன்னொருவர் 1907, வேறொருவர் 1908.

சுருள் வந்தபோது இருந்த நிலை

35 மில்லிமீட்டர், நைட்ரேட் (எளிதில் தீப்பற்றும் பழைய வகை ஃபிலிம்), வண்ணப் பிரிண்ட். மொத்த நீளம் 97.4 மீட்டர். தொடக்கத்தில் தலைப்பு இல்லை. கதை நடுவிலிருந்து ஆரம்பிக்கிறது. முதல் இரண்டரை மீட்டர் பிசுபிசுத்து, சுற்றோடு சுற்று ஒட்டத் தொடங்கியிருந்தது. நைட்ரேட் சிதைவை ஐந்து நிலையாகப் பிரிப்பது வழக்கம்: படம் மங்கிப் பழுப்பாவது முதல் நிலை, மருந்துப்பூச்சு பிசுபிசுப்பது இரண்டாவது, குமிழி கிளம்பி நெடியடிப்பது மூன்றாவது, சுருளே ஒரு கட்டியாவது நான்காவது, பொடியாவது ஐந்தாவது. தொடக்கப் பகுதி இரண்டாம் நிலையைத் தாண்டிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது.

கதை இது: பயணி ஒருவர் விடுதிக்கு வருகிறார். நாற்காலி நகர்கிறது, படம் மாட்டிய சட்டத்திலிருந்து முகம் எட்டிப் பார்க்கிறது, மேசையில் கத்தியும் ரொட்டியும் குடுவையும் தாமாக வேலை செய்கின்றன. வெள்ளை உடுத்த ஒரு பெண்ணுருவம் தோன்றி மறைகிறது. தரையில் ஒரு பொறிக்கதவு திறக்கப் பயணி உள்ளே விழுகிறார். அடுத்த ஃபிரேமில் நரகம். கொப்பரை ஒன்றிலிருந்து ஆவிகள் கிளம்பிக் காற்றில் மிதந்து நெருப்பாகின்றன. அத்துடன் சுருள் முடிகிறது.

முதல் பதினான்கு மாதம்

பிழைகள் எல்லாம் இந்தக் காலத்தில்தான் நடந்தன. கெட்ட எண்ணத்தால் ஒன்றும் நடக்கவில்லை. ஆளும் பணமும் குறைவு, ஒரு நல்ல செய்திக்காக எல்லோரும் ஏங்கியிருந்தார்கள்.

பிசுபிசுத்த தொடக்கப் பகுதியில் 2.6 மீட்டரை வெட்டி நீக்க முடிவானது. முடிவு சரியானதே: சிதையும் பகுதி விடும் அமில வாயு பக்கத்துச் சுற்றுகளையும் கெடுக்கும். சிதைந்த நைட்ரேட் 41 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தானாகத் தீப்பிடிக்கலாம் என்பதால் அதை வைத்துக்கொண்டிருக்கவும் கூடாது. ஆனால் வெட்டும் முன் ஒரு புகைப்படம்கூட எடுக்கவில்லை. வெட்டிய துண்டு ஆபத்தான கழிவோடு போய்விட்டது. அந்தக் காலத்துச் சுருளில் நிறுவனங்கள் ஓரத்தில் அச்சிட்ட விளிம்பு எழுத்து, முத்திரை, தலைப்பின் கடைசி ஃபிரேம்கள் எல்லாம் சேர்ந்து கிடைக்கும் இடம் தொடக்கம்தான். வெட்டியவர் பயிற்சியாளர்; ‘ஏதோ கறுப்பு எழுத்து ஓரத்தில் இருந்தது’ என்று பிறகு நினைவுகூர்ந்தார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஸ்கேன். பணம் குறைவு என்பதால் 2கே (குறுக்கே ஏறத்தாழ இரண்டாயிரம் புள்ளி) அளவில், படச்சட்டத்தை மட்டும் பிடிக்கும்படி செய்யப்பட்டது. துளைகளும், துளைக்கு வெளியே உள்ள இரண்டு மில்லிமீட்டர் விளிம்பும், ஃபிரேமுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் உள்ள கோடும் வெட்டுப்பட்டன. பார்ப்பவருக்கு அழகான கோப்பு. ஆய்வுக்கு ஏறக்குறைய உதவாத கோப்பு.

மூன்றாவது, பெயர்ச்சீட்டு. அதில் இருந்ததை அப்படியே பட்டியலில் ஏற்றினார் பட்டியலாளர்: இயக்கம் ஜார்ஜ் மெலியஸ், ஆண்டு சுமார் 1903. கண்டெடுத்த மெலியஸ் படம் என்று விளம்பரப்படுத்தி ஊர் அரங்கில் திரையிட்டார்கள். உள்ளூர் நாளேடு எழுதியது. இரண்டு நிமிடத் துண்டு இணையத்தில் ஏறியது. சில வாரங்களில் காப்பகத்துக்குச் சம்பந்தமில்லாத இரண்டு தகவல் தளங்களிலும் அந்தப் பெயர் பதிவாகிவிட்டது.

சீட்டில் இருந்த மை பந்துமுனைப் பேனாவின் மை. அது பிரான்சில் புழக்கத்துக்கு வந்ததே 1945க்குப் பிறகு. அதாவது அந்தச் சீட்டை எழுதியவர் படம் காட்டியவராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. குடும்பத்தில் ஒருவரோ, இடையில் விலைபேச வந்த வியாபாரியோ எழுதியிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு உருப்பெருக்குக் கண்ணாடி போதும். அன்று யாரும் பார்க்கவில்லை.

மீண்டும் மேசைக்கு

இணையத் துண்டைப் பார்த்த ஒரு வெளி ஆய்வாளர் காப்பகத்துக்கு ஒரே ஒரு கேள்வி எழுதினார்: விடுதிக் காட்சியில் நிறம் இருக்கிறது, நரகத்தில் ஏன் இல்லை? நெருப்பும் பிசாசும் வரும் இடத்துக்குத்தான் அந்நாளில் முதலில் காசு கொடுத்து நிறம் பூசுவார்கள். விடுதியைப் பூசிவிட்டு நரகத்தை விட்டுவிடுவது நடக்காத காரியம்.

காப்பகத்தில் சுருள்களைப் பேணும் பாதுகாப்பாளர் அதை மறுபடி எடுத்தார். சூடில்லாத ஒளிமேசை, நல்ல காற்றோட்டம், கையுறை, கைச்சுற்றி. இம்முறை முதல் வேலை சுருக்கத்தை அளப்பது. நூறு துளைகளின் நீளம் புதுப் படத்தில் 475 மில்லிமீட்டர். பழைய நைட்ரேட் காய்ந்து சுருங்கியிருக்கும். ஒரே இடத்தில் அளந்து விட்டுவிடுவதுதான் பலருடைய பழக்கம். இவர் பத்து மீட்டருக்கு ஒரு முறை அளந்தார். முதல் எட்டு இடங்களில் 468.4க்கு அருகிலேயே நின்ற அளவு, ஒன்பதாவதில் 471.2க்குத் தாவியது. 1.4 விழுக்காட்டிலிருந்து 0.8க்கு. ஒரே டப்பாவில், ஒரே சூட்டில், ஒரே ஈரத்தில் நூறாண்டு கிடந்த ஒரே படம் இப்படி இரண்டு விதமாகச் சுருங்காது. இரண்டும் வேறு வேறு ஃபிலிம்.

தாவல் நடந்த இடத்தில் ஒரு சிமெண்ட் ஒட்டு (ஃபிலிம் பசையால் இரு துண்டுகளைச் சேர்த்த இடம்) இருந்தது. பயணி பொறிக்கதவுக்குள் விழும் கடைசி ஃபிரேமுக்கும் நரகத்தின் முதல் ஃபிரேமுக்கும் நடுவில். ஒட்டுக்கு முன் 80.1 மீட்டர், இதைப் பகுதி ‘அ’ என்று வைத்தார்கள். பின்னால் 14.7 மீட்டர், பகுதி ‘ஆ’. ஃபிரேம் எண்ணிக்கை முறையே 4,275, 780. நொடிக்கு 16 ஃபிரேம் என்று ஓட்டினால் நாலரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஒன்று, 49 நொடி மற்றொன்று.

பகுதி ‘ஆ’

இது எளிதில் தீர்ந்தது. 1903இல் மெலியஸ் எடுத்த ‘நரகக் கொப்பரை’யின் ஒரு துண்டு, அவருடைய ஸ்டார் ஃபிலிம் நிறுவனத்தின் பட்டியலில் எண் 499–500. இப்படம் முழுதாக இன்றும் இருக்கிறது, ஒப்பிடப் பிரதி கிடைக்கும். ஆக சீட்டு எழுதியவர் முழுப் பொய் சொல்லவில்லை. சுருளில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவானதற்கு அந்தப் பெயர் பொருந்தும்.

ஆனால் இது மெலியஸின் பட்டறையிலிருந்து வந்த பிரிண்ட் அல்ல. டூப், அதாவது ஒரு பிரிண்டை வைத்து எடுத்த நகல். தடயங்கள் மூன்று. மூலப் பிரிண்டின் துளைகள், உண்மைத் துளைகளுக்குச் சற்று விலகி, நிழலாக இரண்டாம் வரிசையாகப் பதிவாகியிருந்தன. கறுப்பு வெள்ளை வேறுபாடு முரட்டுத்தனமாக ஏறி, இடைச்சாயல்கள் தொலைந்திருந்தன. மூன்றாவதுதான் ஆய்வாளரை நெகிழவைத்தது: பிசாசின் உடலைச் சுற்றி ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் மாறும் கருந்திட்டுகள். அன்றைய ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாகவே பதியும். கையால் நிறம் பூசிய ஒரு பிரிண்டை வைத்து யாரோ டூப் எடுத்திருக்கிறார்கள். பாரிஸில் எலிசபெத் துயிலியேயின் பட்டறை போன்ற ஓரிடத்தில் ஒரு பெண் மெல்லிய தூரிகையால் பூசிய நிறம், நிறமாக வராமல் அழுக்குத் திட்டாக வந்து சேர்ந்திருக்கிறது. ஃபிரேமுக்கு ஃபிரேம் திட்டின் ஓரம் நடுங்குவதே அது கைவேலை என்பதற்குச் சான்று.

திருட்டு டூப் எடுப்பவர்கள் காட்சியமைப்பில் தெரியும் நட்சத்திர முத்திரையைச் சுரண்டியோ மை பூசியோ மறைப்பார்கள். இத்துண்டில் அப்படி எதுவும் அகப்படவில்லை. அமெரிக்கத் திருட்டைத் தடுக்கவே மெலியஸ் 1903இல் தம் அண்ணன் கஸ்தோனை நியூயார்க்கில் கிளை திறக்க வைத்தார். அங்கே அனுப்ப இரண்டாவது நெகட்டிவ் வேண்டுமென்று இரு கேமராக்களைப் பக்கம் பக்கமாக வைத்து எடுத்தார். அந்த இரண்டும் தற்செயலாக முப்பரிமாணப் படமாகப் பொருந்துவதைப் பின்னால் கண்டார்கள். இதே படத்தை அப்படித் திரையிட்டுமிருக்கிறார்கள். இங்கே அதனால் கிடைத்த நன்மை வேறு. கொப்பரையின் விளிம்பு பின்சுவரின் எந்த இடத்தை மறைக்கிறது என்று பார்த்தால், துண்டு எந்த நெகட்டிவின் வழிவந்தது என்று தெரிந்துவிடும். இரண்டில் ஒன்றோடு தெளிவாகப் பொருந்தியது. டூப் எடுத்தவர் யார் என்பது அதனால் தெரியாது. தெரியும் என்று யாரும் எழுதவும் இல்லை.

பகுதி ‘அ’: நிறுவனம்

இங்கே நிறம் பூச்சல்ல, ஸ்டென்சில். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிரிண்டில் ஃபிரேம் ஃபிரேமாகத் துளை வெட்டி, அதன் வழியே சாயம் ஏற்றும் முறை. நிறத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கும். தவறு நேர்ந்தால் நடுங்காது. முழு நிறமும் ஒரே பக்கம் விலகும். மேசை விரிப்பின் மஞ்சள் முப்பது ஃபிரேம் நெடுக ஒரே அளவு வலப்புறம் தள்ளி நின்றது. பாத்தே இதைப் பெரிய அளவில் செய்தது என்றாலும், ஸ்டென்சில் ஒன்றை மட்டும் வைத்து நிறுவனத்தைச் சொல்ல முடியாது.

மறுபடி 4கே அளவில், பல்சக்கரம் இல்லாத ஸ்கேனரில், விளிம்பிலிருந்து விளிம்புவரை படம் பிடித்தார்கள். 1.4 விழுக்காடு சுருங்கியதைப் பல்சக்கரக் கருவியில் ஏற்றினால் துளைகள் கிழியும். ஒரு விழுக்காட்டைத் தாண்டினாலே ஏற்றக் கூடாது. சாயங்கள் நீரில் கரையக்கூடியவை என்பதால் ஈரத் துடைப்பு தவிர்க்கப்பட்டது. மென்தூரிகையும் வெல்வெட்டும் மட்டும். முழு விளிம்பும் கிடைத்தபின் ஒரு பிற்பகல் முழுவதும் எழுத்துகளைத் தேடினார்கள். பதினொரு இடங்களில் கிடைத்தன. எங்கும் முழுச் சொல் இல்லை. ஓரிடத்தில் நான்கு எழுத்து, இன்னோரிடத்தில் மூன்று. ஒன்றன் கீழ் ஒன்று வைத்துப் பார்த்ததும் ‘பாத்தே ஃப்ரேர்’ (பாத்தே சகோதரர்கள்) என்ற வாசகம் எழுந்தது. எழுத்துகள் கூர்மையாக இருந்தன. டூப்பில் நகலாகி வந்திருந்தால் மங்கி, இரட்டித்திருக்கும்.

பாத்தேயின் விளிம்பு வாசகம் காலத்துக்குக் காலம் மாறியது. பிரிட்டனின் தேசியத் திரைப்படக் காப்பகத்தில் பணியாற்றிய ஹரோல்டு பிரவுன் இந்த மாற்றங்களைத் தொகுத்து வைத்த பட்டியல்தான் இன்றும் கைவிளக்கு. வாடகை முறை வந்தபின் ‘பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் பெல்ஜியத்திலும் திரையிடத் தடை’ என்ற வாசகம் சில பிரிண்ட்களில் ஏறியது. இச்சுருளில் அது இல்லை. அதற்கு முந்தையது என்று எண்ணத் தோன்றும். ஆனால் பதினொரு துணுக்குகள் மட்டுமே கிடைத்த சுருளில் ஒன்று இல்லை என்பதைச் சான்றாகக் கொள்ள முடியாது. இன்னொன்று: விளிம்பு எழுத்து சொல்வது பிரிண்ட் எடுத்த காலத்தை, படம் எடுத்த காலம் அதற்குச் சில ஆண்டு முந்தியும் இருக்கலாம்.

வெட்டி எறிந்த அந்த 2.6 மீட்டர் இருந்திருந்தால் இவ்வளவு பாடு வேண்டியிருக்காது.

பகுதி ‘அ’: ஆள்

நிறுவனம் பாத்தே என்றதும், வெளி ஆய்வாளர் சோமோனின் பெயரை முன்வைத்தார். அவர் தந்த காரணங்கள்: மேசைக் காட்சி ஃபிரேம் ஃபிரேமாக எடுத்தது, வெள்ளை உடுத்த பெண் சோமோனின் மனைவி ஜூலியென் மாத்தியூவைப் போல் இருக்கிறார், சோமோன் பார்சிலோனாவில் நிறமேற்றும் வேலை செய்துவிட்டு 1905இல் பாரிஸ் வந்தவர்.

இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கப்பட்டன. மேசைக் காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக எடுத்தது உறுதி. வழக்கமான கேமராவில் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் எட்டு ஃபிரேம் ஓடும். தந்திரக் காட்சிக்கு ஒரு சுற்றுக்கு ஒரு ஃபிரேம் என்று மாற்றிக்கொள்வார்கள். ஒவ்வொரு சுற்றும் கை வேகத்தைப் பொறுத்தது என்பதால் ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் கூடிக் குறையும். அந்தத் துடிப்பு இக்காட்சியில் மட்டும் இருக்கிறது. பெண் தோன்றி மறையும் இடங்களிலோ நெகட்டிவ் ஒட்டின் கோடு பிரிண்டில் விழுந்திருக்கிறது. பகுதி முழுவதும் பதினேழு கோடுகள். கேமராவை நிறுத்தி ஆளை மாற்றி எடுத்தபின், கூடுதலான ஃபிரேம்களை நறுக்கி ஒட்டிய தடயம் அவை. இரண்டு வித்தைகளும் கைவந்த ஒருவர் எடுத்தார் என்று சொல்லலாம். அப்படி ஒருவர்தான் பாத்தேயில் இருந்தார் என்று சொல்ல முடியாது.

நடிகை அவரேதான் என்றே வைத்துக்கொண்டாலும், நிறுவனத்தில் பணிபுரிந்த நடிகை யார் எடுத்த படத்திலும் தோன்றலாம். நிறமேற்றல் தனிப் பட்டறையின் வேலை. இயக்கியவரின் கைரேகை அதில் இல்லை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றைப் பட்டியலாளர் எடுத்துக்காட்டினார். சீட்டிலிருந்த பெயரை அப்படியே ஏற்றிப் பிழை செய்தவரும் அவர்தான். இந்தக் கட்டத்தில் மிகக் கவனமாக இருந்தவரும் அவர்தான். ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட ‘சோமோன் படங்கள்’ பலவற்றுக்கும் அந்தப் பெயர் வந்தது இதே மூன்று காரணங்களால். 1907இன் ‘செம்பேய்’ படத்தைச் சில பட்டியல்கள் ஸெக்காவுடன் பங்கிட்டுக் கொடுக்கின்றன. ஊகத்தால் பெயர் பெற்ற படத்தை அளவுகோலாக வைத்து அடுத்த படத்துக்குப் பெயர் கொடுத்தால், ஊகம் இரண்டு மடங்காகுமே ஒழிய உறுதியாகாது. ஒரே தளம், ஒரே திரைச்சீலை ஓவியர்கள், ஒரே நடிகர்கள். நடையை வைத்து ஆளைப் பிரிப்பது இங்கே மிகக் கடினம். ஆய்வாளர் இதை ஏற்றுக்கொண்டார்.

தேடாமல் கிடைத்த கைவண்ணம்

ஒட்டைப் பிரித்து இரண்டு படங்களையும் தனித்தனி டப்பாவில் வைப்பதே முதலில் திட்டம். பிரிக்கும் முன் பாதுகாப்பாளர் கீறல்களைப் பார்த்தார். ஒட்டுவதற்கு முன் விழுந்த கீறல் ஒட்டோடு நின்றுவிடும். ஒட்டியபின் விழுந்தது ஒட்டைத் தாண்டி ஓடும். இடப்பக்கம் மூன்று நெடுங்கீறல்கள் ‘அ’விலிருந்து ‘ஆ’வுக்குள் இடைவெளி மாறாமல் போயின. துளைகளின் ஒரே மூலை இரு பகுதியிலும் ஒரே விதமாகத் தேய்ந்திருந்தது. இரண்டையும் சேர்த்தே பலமுறை ஓட்டியிருக்கிறார்கள்.

கூடாரக்காரர் தற்செயலாக ஒட்டவில்லை. பொறிக்கதவில் விழுகிறவன் எங்கே போகிறான் என்பதற்கு விடையாகத் தன்னிடமிருந்த நரகத்தைச் சேர்த்திருக்கிறார். எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லாத ஒரு படத்தைத் தன் கூடாரத்துக்காகச் செய்திருக்கிறார். இச்சுருளில், மெலியஸின் நரகத் துண்டைத் தவிர, யாருடைய கை என்று ஐயமின்றிச் சொல்லக்கூடிய ஒரே படைப்புச் செயல் அந்த ஒட்டுதான்.

எடுத்த முடிவுகள்

ஒட்டு பிரிக்கப்படவில்லை. சுருள் ஒரே பொருளாக, காற்று போகும் மூடியுள்ள டப்பாவில், 75 மில்லிமீட்டர் உருளையில் தளர்வாகச் சுற்றி, 4 டிகிரியில், 30 முதல் 40 விழுக்காடு ஈரத்தில் வைக்கப்பட்டது.

பட்டியலில் ஒரு பொருளுக்கு மூன்று பதிவுகள். சுருளுக்கு ஒன்று: தொகுத்தவர், பெயர் வெளியிடாத திருவிழாப் படக்காட்சியாளர். ‘அ’வுக்கு ஒன்று: தயாரிப்பு பாத்தே ஃப்ரேர், சான்று விளிம்பு எழுத்து, இயக்கம் என்ற கட்டம் காலி, குறிப்பில் மட்டும் சோமோன் பெயரும், அதற்கான காரணங்களும், அவை போதாமைக்கான காரணங்களும். ‘ஆ’வுக்கு ஒன்று: மெலியஸ், 1903, டூப், எடுத்தவர் தெரியவில்லை. இயக்கம் என்ற கட்டத்தைக் காலியாக விடுவதற்குக் காப்பகத்தின் நிர்வாகம் தயங்கியது. காலிக் கட்டம் தேடுபொறியில் அகப்படாது என்பது அவர்கள் கவலை. அது நியாயமான கவலையும்கூட. குறிப்பில் உள்ள பெயரும் தேடலில் அகப்படும்படி செய்தபின் ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு நடந்தது

நாளேட்டுக்குத் திருத்தம் அனுப்பப்பட்டது. அது சிறு செய்தியாக வந்தது. இரண்டு தகவல் தளங்களில் ஒன்று மாற்றியது. மற்றது இன்னும் மாற்றவில்லை. இணையத் துண்டின் தலைப்பைக் காப்பகம் மாற்றினாலும், அதற்குள் பிறர் நகலெடுத்துப் போட்டவை பழைய பெயரிலேயே உலவுகின்றன.

கொள்ளுப்பேத்தி முதலில் மனம் வருந்தினார். குடும்பத்தில் மெலியஸ் என்ற பெயர் இரண்டு தலைமுறையாகப் பெருமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பாதுகாப்பாளர் அவரை வரவழைத்து, ஒளிமேசையில் ஒட்டையும் அதைத் தாண்டி ஓடும் கீறல்களையும் காட்டினார். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தாத்தா எப்போதும் ‘அப்பா நரகத்தைத் தானே தைத்தார்’ என்று சொல்வாராம், அதை வெறும் பேச்சு என்றே எண்ணியிருந்தோம் என்றார். வந்த முதல் நாளே குடும்பத்தாரிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் இந்தச் சொல் அப்போதே கிடைத்திருக்கும்.

அவர் பேச்சால் இன்னொன்றும் நடந்தது. கூடாரக்காரர்கள் வீணான துண்டுகளை எறிய மாட்டார்கள், வேறு சுருளின் முன்னால் பாதுகாப்புக்காகச் சுற்றி வைப்பார்கள் என்று சொன்னார். ஐந்து செய்திப்படச் சுருள்களின் தொடக்கமும் மறுபடி பார்க்கப்பட்டன. ஒன்றின் முன்னால் 4.1 மீட்டர் நிறத் துண்டு இருந்தது. அதே விடுதி, அதே மஞ்சள் விரிப்பு. பொழுது விடிகிறது, பயணி மேசைமேல் தலைவைத்து உறங்கிக்கொண்டிருக்கிறார். கூடாரக்காரர் வெட்டி எடுத்த உண்மையான முடிவு அது. பாத்தே பட்டியல் விவரணைகளோடு ஒப்பிட்டதில் முன்பு இரண்டு தலைப்புகள் மிஞ்சியிருந்தன. ஒன்றின் விவரணை வேறு முடிவைச் சொல்வதால் அது விழுந்தது. மற்றத் தலைப்பு அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறியோடு நிற்கிறது. உறுதியாகும்வரை காப்பகம் அதை வெளியிடவில்லை. அதனால் இங்கும் சொல்லவில்லை.

மாற்றியவை

எந்தத் துண்டையும் வெட்டும் முன், எவ்வளவு பிசுபிசுத்திருந்தாலும், ஒளிமேசையில் இருபுறமும் விளிம்போடு புகைப்படம் எடுப்பது கட்டாயமாக்கப்பட்டது. சாதாரண கேமராவும் அளவுகோலும் போதும். மீட்டருக்கு ஐந்து நிமிடம் ஆகும். சுருக்கத்தைப் பத்து மீட்டருக்கு ஒரு முறையும், ஒவ்வொரு ஒட்டின் இருபுறமும் அளக்கிறார்கள். விளிம்பை வெட்டும் ஸ்கேனுக்குப் பணம் ஒதுக்குவதில்லை. பணம் குறைந்தால் 2கே போதும், ஆனால் விளிம்பு முழுதாக வர வேண்டும். பெயர்ச்சீட்டும் டப்பாவும் தனிப் பொருளாக, மை, தாள், கையெழுத்து விவரங்களோடு பதிவாகின்றன. அவற்றில் உள்ள பெயர் இயக்கம் என்ற கட்டத்துக்குள் நேராகப் போவதில்லை. சுருள்களின் முன்னால் சுற்றிய துண்டுகள் தனியே பிரித்துப் பார்க்கப்படுகின்றன.

திரையிடலைப் பற்றி இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பெயர் உறுதியாகும்வரை காட்டக் கூடாது என்றார் பாதுகாப்பாளர். காட்டியதால்தானே அந்த ஒற்றைக் கேள்வி வந்தது என்றார் பட்டியலாளர். இப்போதைக்கு ‘எடுத்தவர் தெரியவில்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டுக் காட்டுகிறார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை டப்பாவைத் திறக்கிறார்கள். கடைசியாகத் திறந்தபோது ‘ஆ’வின் வெளிச்சுற்றுகள் இரண்டில் இளம்பழுப்பு தொடங்கியிருந்தது. அந்தச் சுற்றுகளை இருபுறமும் விளிம்போடு படமெடுத்து, எதையும் வெட்டாமல், மறுபடி தளர்வாகச் சுற்றி உள்ளே வைத்தார்கள்.